எந்தக் கையேடு எந்த நகரத்தைக் காட்டும்?

சென்னை உயர் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டடக்கலை படித்தவர் எழுதினால் இப்படி இருக்கும்: 1892இல் திறக்கப்பட்ட இந்தோ-சாரசெனிக் கட்டடம், பிராசிங்டன் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வினும் ஸ்டீபன்சும் மாற்றியமைத்துக் கட்டி முடித்தார்கள், சிவப்புச் செங்கல், வண்ணக் கண்ணாடி, உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை எரிந்த கலங்கரை விளக்கு. நடத்திக் கூட்டிப்போகிறவர் எழுதினால், பாரிமுனையில் டேர் ஹவுஸ் சுவரோரம் நிற்கும் பழைய எல்லைத் தூணை முதலில் காட்டுவார். சாலையைக் கடந்ததும், 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டருகே நிறுத்துவார். அப்புறம்தான் கோபுரங்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்வார். நிலத்தின் கதையைத் தேடுகிறவரோ நீதிமன்றத்தை விட்டுவிட்டு அதன் அடிமண்ணுக்குப் போவார். இந்தப் பக்கம்தான் பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. 1746இல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதன் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். தப்பிய பட்டணம் கோயிலை 1757இல் ஆங்கிலேயரே இடித்தார்கள். மாற்று நிலம் கிடைத்து, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவர், சென்ன மல்லீசுவரர் என்ற இரட்டைக் கோயிலாக அது மறுபடி எழுந்தது.

மூன்று பக்கங்களிலும் பொய் இல்லை. ஆனால் மூன்றில் எதைக் கையில் வைத்திருக்கிறோமோ, அந்த ஊரைத்தான் பார்த்துவிட்டு வருவோம்.

ஒரு நகரத்தை ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர் வழிகாட்டி நூல் வாங்கும்போது வழக்கமாகப் பக்க எண்ணிக்கை, படங்கள், பதிப்பாண்டு, விலை ஆகியவற்றைப் பார்க்கிறார். இவை வேண்டியவைதான். ஆனால் முதலில் புரட்ட வேண்டியது பொருளடக்கம். நூல் நகரத்தை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது? கட்டடம் கட்டடமாகவா, தெருத் தெருவாகவா, ஆட்சி ஆட்சியாகவா, அகர வரிசையிலா? ஒரு கையேட்டைத் தேர்வது என்பது ஒரு வரிசையைத் தேர்வதுதான். ஒவ்வொரு வரிசையும் சிலவற்றைப் பளிச்சென்று காட்டுகிறது, சிலவற்றை மறைத்துவிடுகிறது. இந்த வகை நூல்களின் கதையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், எதை எப்போது கையில் எடுப்பது என்பது தெளிவாகும்.

நட்சத்திரம் போட்டவர்கள்

இன்றைய வழிகாட்டி நூலின் உருவம் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு பதிப்பகங்களில் பிறந்தது. லண்டனில் ஜான் மர்ரே, ஐரோப்பியப் பயணிகளுக்கான தம் முதல் கையேட்டை 1836இல் கொண்டுவந்தார். ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரி கார்ல் பேடெக்கர் அந்த வழியை எடுத்துக்கொண்டு இன்னும் கச்சிதமாக்கினார். சிவப்பு அட்டை, நுணுக்கமான வரைபடங்கள், பார்த்தே ஆக வேண்டியவற்றுக்கு நட்சத்திரம் என்று அது ஒரு தனி மரபாயிற்று. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்துவிட்டன; பயணிக்கு நாட்கள் குறைவு. எதைப் பார்ப்பது என்பதோடு, எதை விட்டுவிடலாம் என்றும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நட்சத்திரம் அந்த வேலையைச் செய்தது.

இந்த மரபு நம் ஊருக்கும் சீக்கிரமே வந்தது. மர்ரேயின் இந்தியக் கையேடு எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதி 1859இல் வெளியானபோது, அதன் முதல் பகுதியே சென்னை மாகாணம்தான். பேடெக்கரின் இந்திய நூல் ஜெர்மன் மொழியில் 1914இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியப் பதிப்பகத்துக்கும் உறவு அறுந்தது. அதுவரை பேடெக்கரின் ஆங்கிலப் பதிப்புகளைப் பார்த்துவந்த மியூர்ஹெட் சகோதரர்கள் தனியே தொடங்கியதுதான் புளூ கைடு வரிசை. அதன் முதல் நூல் 1918இல் வந்தது; அது காட்டிய ஊர் லண்டன்.

இந்த நூல்களின் பலம் துல்லியம். தேவாலயத்தின் எந்தச் சன்னலில் என்ன சித்திரம், எந்தத் தூண் எந்த நூற்றாண்டு, அருங்காட்சியகத்தின் எந்த அறையில் எந்த ஓவியம் என்பதைச் சளைக்காமல் சொல்லும். இன்றும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஒரு தேவாலயத்துக்குள் அரை நாள் செலவிட நினைப்பவருக்கு புளூ கைடு வகை நூல்தான் சரிப்படும். பலவீனத்தை ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் 'மித்தாலஜீஸ்' நூலில் பிரெஞ்சு வழிகாட்டி வரிசை ஒன்றை வைத்துச் சுட்டிக்காட்டினார். இந்த நூல்களில் ஒரு நாடு என்றால் அதன் நினைவுச்சின்னங்கள்தான். அங்கே வாழ்கிற மனிதர்கள் வெறும் வகைமாதிரிகளாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். நட்சத்திரப் பட்டியலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1942இல் ஜெர்மானிய விமானங்கள் எக்சிட்டர், பாத், நாரிச், யார்க், கான்டர்பரி போன்ற தொன்மையான ஊர்களைக் குறிவைத்துக் குண்டு வீசின. அந்தத் தாக்குதல்களுக்கு பேடெக்கர் தாக்குதல்கள் என்றே பெயர் நிலைத்தது. ஒரு நகரத்தின் மதிப்பைச் சில கட்டடங்களின் மேல் மட்டும் ஏற்றி வைத்தால், அந்தப் பட்டியல் யார் கைக்கும் போகும்.

கட்டடம் கட்டடமாக

அடுத்த வரிசை ஆய்வாளர்களுடையது. கெயோர்க் டேஹியோ 1905க்கும் 1912க்கும் இடையில் ஜெர்மானியக் கலைச்சின்னங்களை ஊர்வாரியாகத் தொகுத்த கையேடு இதற்கு முன்னோடி. லைப்சிக்கில் பிறந்த நிக்கோலஸ் பெவ்ஸ்னர், நாஜி ஆட்சியில் பல்கலைக்கழக வேலையை இழந்து 1933இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அப்படி ஒரு நூல்வரிசை இங்கிலாந்துக்கு இல்லையே என்று வியந்து, அந்தக் குறையைத் தாமே தீர்த்தார். 'இங்கிலாந்தின் கட்டடங்கள்' என்ற அந்த வரிசை 1951இல் தொடங்கி 1974இல் 46 தொகுதிகளாக நிறைவுற்றது. அவற்றில் 32 தொகுதிகளைத் தனியாளாகவே எழுதினார். மனைவி லோலா காரோட்ட, பகலெல்லாம் ஊர் ஊராகச் சுற்றி, இரவு விடுதியில் உட்கார்ந்து அன்றன்றைய குறிப்புகளை எழுதிமுடிப்பது அவர் வழக்கம்.

பெவ்ஸ்னரின் ஊர்க் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தேவாலயங்கள், பிறகு பொதுக் கட்டடங்கள், கடைசியில் ஒரு சுற்றுநடை. கட்டியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பாணி, பின்னால் யார் எதை மாற்றினார் என்பதையெல்லாம் இரண்டு மூன்று வரிகளில் அடக்கிவிடுவார். லண்டனுக்கு அவர் எழுதியவை இரண்டே தொகுதிகள். பின்வந்தவர்கள் திருத்தி விரித்ததில் இன்று அவை ஆறாகிவிட்டன. ஒரு கட்டடத்தின் முன் நின்று சன்னல் வளைவைப் பார்த்து, அது எந்தத் தலைமுறை வேலை என்று சொல்லப் பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், வாடகை எவ்வளவு, தெருவில் என்ன விற்றார்கள் என்றால் பெரும்பாலும் பதில் கிடைக்காது.

அந்த வறட்சியைப் பொறுக்காதவர் இயன் நாயர்ன். பெவ்ஸ்னரோடு சேர்ந்து சர்ரே, சசெக்ஸ் தொகுதிகளில் வேலை செய்தவர்தான். ஆனால் 1966இல் வெளிவந்த அவருடைய லண்டன் நூல் முற்றிலும் வேறு வகை. பெரிய தேவாலயத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை மூலையிலிருக்கும் மதுக்கூடத்துக்கும் ரயில்வே பாலத்துக்கும் கொடுப்பார். பிடித்ததைப் பிடித்தது என்பார், பிடிக்காததைத் திட்டுவார். பெவ்ஸ்னரை நம்பிப் படிக்கலாம், நாயர்னோடு சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம். ஆழமான கையேடு என்றால் கருத்தே சொல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. உண்மையில், வெளிப்படையாகச் சொன்ன கருத்தை வாசகர் தள்ளிவைத்துக்கொள்ளலாம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குள் ஒளிந்திருக்கும் கருத்துதான் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த வகையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நார்வல் ஒயிட்டும் எலியட் வில்லென்ஸ்கியும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கத்துக்காக 1967இல் தொகுத்த நியூயார்க் கையேடு. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள்; அந்த அதிர்ச்சியில் 1965இல் அந்த நகரம் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கையேட்டின் பதிப்புகள் தொடர்ந்து வந்தன. ஐந்தாம் பதிப்பு 2010இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. நகரம் முழுவதையும் பகுதி பகுதியாக, கட்டடம் கட்டடமாகச் சொல்லும் அந்த நூலில் இடிந்துபோனவற்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. இல்லாத கட்டடத்தைக் கையேட்டில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். பக்கத்து மனை ஏன் அப்படி வெறிச்சோடிக் கிடக்கிறது, சாலை ஏன் அந்த இடத்தில் திடீரென்று வளைகிறது என்பதற்கான விடை பல சமயம் அந்தப் பட்டியலில்தான் கிடைக்கும்.

தெருத் தெருவாக

மூன்றாவது வரிசை நடப்பவர்களுடையது. இதற்கு இஸ்தான்புல் நல்ல களம். ஏனென்றால் அந்த ஊரைப் பற்றிச் சொன்னவர்கள் எல்லா வரிசையையும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னருக்காகப் பழைய சுவடிகள் தேட வந்த பியேர் ஷீல், ஊரின் பைசாந்தியத் தடயங்களை அளந்து தேடினார். வீட்டுத் தரையில் ஓட்டை வழியாக வாளி இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள், மீன்கூடப் பிடிக்கிறார்கள் என்று அங்கிருப்பவர்கள் சொன்னதை நம்பி, படகில் ஏறி, தீப்பந்த வெளிச்சத்தில் அவர் போய்ப் பார்த்ததுதான் தூண்கள் வரிசைகட்டி நிற்கும் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம். அவர் இறந்த பிறகு 1561இல் லியோன் நகரில் அந்த நூல் அச்சானது. சுவடிகளில் படித்ததோடு நிற்காமல் தெருவில் விசாரித்தும் எழுதுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது பழைய சான்று.

1972இல் ஹிலாரி சம்னர்-பாய்டும் ஜான் ஃப்ரீலியும் எழுதிய 'ஸ்ட்ரோலிங் த்ரூ இஸ்தான்புல்' அந்த மரபின் உச்சம். இருவரும் அந்த ஊர் ராபர்ட் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். ஃப்ரீலிக்குத் துறை இயற்பியல். கலாட்டா பாலத்தில் வாசகரை நிறுத்தி ஊரைக் காட்டத் தொடங்கி, அத்தியாயத்துக்கு ஒரு நடையாகக் கூட்டிப்போகிறார்கள். கட்டடக்கலைஞர் பட்டியலில் தேடினால் ருஸ்தம் பாஷா மசூதி, ஒட்டோமான் கட்டடக்கலைஞர் சினான் கட்டியவற்றில் இஸ்னிக் ஓடுகளுக்குப் பேர்போன ஒன்று என்ற அளவில் நின்றுவிடும். தெருவழியே போகிறவர், கடைகளுக்கு மேலே மேடை கட்டி அந்த மசூதி நிற்பதையும், கீழே இருக்கும் கடைகளின் வாடகையால் அது நடந்ததையும் சேர்த்துப் பார்க்கிறார். சந்தையும் வழிபாடும் ஒரே கட்டடத்தின் இரண்டு தளங்கள் என்பது நடந்து போகிறவர் கண்ணுக்குத்தான் எளிதில் படும்.

ஆனால் நடை வரிசைக்கும் ஒரு பிணி உண்டு. அது சீக்கிரம் பழசாகிவிடும். அந்த நூலின் கலாட்டா பாலம் 1912இல் கட்டியது; 1992இல் தீப்பிடித்துப் பாழானது. இன்று வாசகர் நிற்பது அதற்குப் பதிலாக வந்த பாலத்தில். நேர்மாறாக, வொல்ஃப்காங் முல்லர்-வீனர் 1977இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட இஸ்தான்புல் இட அகராதி கட்டட வாரியான ஆய்வு நூல். தரைத்தள வரைபடங்களோடு ஒவ்வொன்றையும் சொல்லும் அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஆனால் பழசாவது மெதுவாக.

அகர வரிசைக்கு அங்கே ஒரு துயரமான எடுத்துக்காட்டும் இருக்கிறது. ரெஷாத் எக்ரெம் கோச்சு என்ற வரலாற்றாசிரியர் ஊரின் எல்லாவற்றையும், அரண்மனையிலிருந்து தெருவில் சுற்றும் ரவுடி வரை, ஒரே கலைக்களஞ்சியத்தில் அடக்க நினைத்து 1944இல் வெளியிடத் தொடங்கினார். இடையில் நின்று, மறுபடி தொடங்கி, 11 தொகுதிகள் வந்தும் 1973இல் 'ஜி' எழுத்தோடு நின்றுபோனது. அகர வரிசையில் எல்லாமே சமம். அதனால்தான் அது முடிவதே இல்லை. மற்ற வரிசைகள் விட்டுவிடும் சின்ன மனிதர்கள் அங்கேதான் தென்படுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்னைக்கான அலமாரி

இந்த அளவுகோல்களை நம் கைக்கெட்டும் நகரம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். சென்னையைப் பற்றிய நூல்களுக்கெல்லாம் அடித்தளம் ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்'. 1640 முதல் 1800 வரையிலான கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களைச் சலித்தெடுத்த தொகுதிகள் அவை. அதன் வரிசை ஆளுநர் ஆளுநராக, ஆண்டு ஆண்டாகப் போகிறது. கோட்டைச் சுவர் எந்த ஆண்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தேடுகிறவருக்கு வேறு கதி இல்லை. ஆனால் அந்த வரிசையில் ஊர் என்றால் ஆவணம் எழுதியவர்களின் ஊர்தான்.

எஸ். முத்தையா 1981இல் எழுதிய 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையேட்டையும் கதைகளையும் ஒரே அட்டைக்குள் வைத்தார். பதிப்புக்குப் பதிப்பு பருத்து, பின்னர் 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்' ஆயிற்று. 1991இல் அவர் தொடங்கிய 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழும், 2019இல் மறையும் வரை அவர் எழுதிவந்த பத்திகளும் அந்த நூலுக்கு முடிவில்லாத பின்னிணைப்பு. யார் யாருக்கு எந்த பங்களா கட்டினார்கள், எந்த வணிக நிறுவனம் யார் கைக்கு மாறியது என்பதெல்லாம் அவரிடம் சுவையான கதைகள். அவருடைய அச்சு கோட்டையும் கம்பெனியும். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கல்வெட்டிலிருந்து கணக்குத் தொடங்கினால், கம்பெனி காலூன்றிய 1639 என்பது ஊரின் பிறப்பு அல்ல, நடுவயது.

கட்டடத்தை முன்னால் வைப்பது, கல்பனாவும் ஃபிராங்க் ஷிஃபரும் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்காக 2003இல் எழுதிய 'மெட்ராஸ்: தி ஆர்க்கிடெக்சுரல் ஹெரிடேஜ்'. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், சிசோம் கட்டிய செனட் மண்டபம், ராஜாஜி மண்டபம் என்று கட்டடமே எழுவாயாக இருக்கும் நூல் கையில் வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821இல் எழுந்தபோது சேற்று மண்ணைச் சமாளிக்கப் பொறியாளர் டி ஹாவிலண்ட் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பாதியைச் சொல்லத் தெரிந்த நூலைத்தான் கட்டடக்கலைக் கையேடு என்று ஒப்புக்கொள்ளலாம்.

தமிழில் வரலாற்றுக்கு நரசய்யாவின் 'மதராசபட்டினம்' இருக்கிறது. கையேடு என்ற பெயரே இல்லாமல் கையேட்டு வேலை செய்கிற நூல் அசோகமித்திரனின் 'ஒரு பார்வையில் சென்னை நகரம்'. 1950களில் செகந்தராபாதிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பேட்டை பேட்டையாக அவர் சொல்லும்போது கட்டடக்கலைஞர் பெயர் வராது. எந்தத் தெருவில் எதற்காக மனிதர்கள் நடந்தார்கள் என்பது வரும். பார்த் கேட்ட மனிதர்கள் இந்த வரிசையில்தான் கிடைக்கிறார்கள்.

விட்டுப்போனவை

எந்தக் கையேட்டையும் வாங்குமுன் அது எதை விட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது. விட்டவை பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, கட்டியவர்கள். சென்னையின் பெரிய சிவப்புக் கட்டடங்கள் பலவற்றின் மேல் சிசோம், இர்வின் பெயர்கள் இருக்கும். அவற்றை எழுப்பிய ஒப்பந்ததாரர்களில் நம்பெருமாள் செட்டியார் பெயரும், எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய பெங்களூர் சாமிநாத பிள்ளை பெயரும் எல்லா நூலிலும் இருக்காது. கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, பளிங்குபோல மெருகேற்றிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு அந்தக் காலத்தில் ஊர் தாண்டிப் பேர்பெற்றது. தேக்கு உத்தரக் கட்டைகளின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கும் தளத்துக்கு இன்றைக்கும் மெட்ராஸ் டெரஸ் என்றே பெயர். பாணியின் பெயரைச் சொல்லி, கொத்தனாரின் கைவேலையைச் சொல்லாத நூல் பாதிதான் சொல்கிறது.

இரண்டாவது, வீடுகள். திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம் என்று போகும் மயிலாப்பூர் வீடும், கடலோரக் குப்பமும், 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிய மாடிக் குடியிருப்புகளும் ஊரின் கட்டடக்கலைதான். நகரவாசிகளில் பெரும்பாலோர் நினைவுச்சின்னத்தில் குடியிருப்பதில்லை.

மூன்றாவது, அண்மைக் காலம். பல நூல்கள் 1947இல் கதவைச் சாத்திவிடுகின்றன. 1959இல் திறந்த 14 மாடி எல்ஐசி கட்டடம் ஒரு தலைமுறைக்கே வேடிக்கை காட்டியது. அண்ணா சாலையைப் பற்றிய எந்த நூலும் அதைத் தாண்டிப் போக முடியாது. பாரிமுனையின் டேர் ஹவுஸ் உட்பட ஆர்ட் டெக்கோ கட்டடங்களும் இப்போதுதான் கையேடுகளில் மெல்ல இடம்பிடிக்கின்றன.

நான்காவது, இல்லாமல்போனவை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அரசினர் தோட்டத்தில் ஆளுநர் மாளிகையாக இருந்த பழைய கட்டடத்தைப் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக 2008இல் இடித்தார்கள். விருந்து மண்டபமாக அதற்குத் துணையாக எழுந்த ராஜாஜி மண்டபம் மட்டும் நிற்கிறது. துணை நின்று, தலை போனதைச் சொல்லாவிட்டால் அந்த மண்டபம் ஏன் அங்கே இருக்கிறது என்றே விளங்காது. அண்ணா சாலையில் ஸ்டீபன்ஸ் 1897இல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் நீதிமன்றம் போனது. 2010இல் வந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தை மட்டுமல்லாமல் நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்கள் முழுவதையும் பற்றிப் பேசியது. பெயர் எழுதிய பட்டியல் ஒன்று இருப்பதன் பயன் அப்போது தெரிந்தது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நூலைச் சோதிக்கச் சில வழிகள் சொல்லலாம்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாதாரணக் கட்டடத்தை அதில் தேடுங்கள். பெரிய கோயிலை அல்ல, பெரிய கோயிலை எல்லோரும் கவனமாகத்தான் எழுதியிருப்பார்கள். தெரியாத ஊரானால், இரண்டாம் தரத் தேவாலயம் ஒன்றையோ சந்தையையோ எடுத்து, அது எப்போது, யாரால், யார் பணத்தில், எதைக் கொண்டு கட்டப்பட்டது என்ற நான்கு கேள்விக்கும் பதில் வருகிறதா என்று பாருங்கள். பணம் போட்டவரைச் சொல்லாத நூல்கள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம்.

அடுத்து வரைபடங்கள். நிழற்படம் ஆசையைத் தூண்டும். புரியவைப்பது தரைத்தள வரைபடம். இஸ்தான்புல்லில் இருக்கும் ஹகியா சோபியாவின் குவிமாடம் எத்தனை பெரிது என்பதை எந்தப் படமும் காட்டிவிடும். 537இல் முடித்த அந்தக் கட்டடத்தின் குவிமாடம் 558இல் ஏன் விழுந்தது, மறுபடி கட்டும்போது ஏன் உயர்த்திக் கட்டினார்கள் என்பதை வெட்டுமுக வரைபடம் இல்லாமல் சொல்லவே முடியாது. நூலின் ஆழத்தை எடைபோட இதைவிடச் சுருக்கமான அளவுகோல் கிடையாது.

நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் புரட்டுங்கள். அதில் அரசர், கட்டடக்கலைஞர் பெயர்கள் மட்டுமா, தெருக்களும் சாதிகளும் தொழில்களும் பொருள்களும் இருக்கின்றனவா? ஆசிரியரின் உண்மையான வரிசை எதுவென்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

பதிப்பாண்டைப் பார்க்க வேண்டியது நேரம், கட்டணம் போன்ற விவரங்களுக்காக மட்டும் அல்ல. ஹகியா சோபியா 1934 முடிவின்படி அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் மசூதியானது. 14ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரங்களுக்குப் பேர்போன கோரா தேவாலயம் 2024 மே மாதம் தொழுகைக்குத் திறந்தது. 2019க்கு முந்தைய கையேட்டை வைத்துக்கொண்டு இந்த இரண்டிலும் நுழைகிறவர், கட்டடத்தை மட்டுமல்லாமல் அதன் இன்றைய வாழ்வையும் தவறாகப் புரிந்துகொள்வார். அதற்காகப் பழைய பதிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். 1914 பேடெக்கரோ 1859 ஈஸ்ட்விக்கோ இன்று வழி காட்டாது. அன்று யார் எதைப் பார்க்கத் தகுந்தது என்று நினைத்தார்கள் என்பதைக் காட்டும். புதிய பதிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய பதிப்பை வீட்டில் வைத்துப் படியுங்கள்.

கடைசியாக, ஒரே நூலில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். எந்த நகரத்துக்கும் குறைந்தது இரண்டு நூல்கள் வேண்டும். இரண்டும் வேறுவேறு வரிசையில் அமைந்திருக்க வேண்டும். கட்டட வரிசை நூல் ஒன்று, தெரு வரிசை நூல் ஒன்று. முடிந்தால் அந்த ஊர்க்காரர் அந்த ஊர் மொழியில் எழுதி மொழிபெயர்ப்பில் வந்த மூன்றாவது ஒன்று. லண்டனுக்கு பெவ்ஸ்னரும் நாயர்னும். இஸ்தான்புல்லுக்கு ஃப்ரீலியோடு ஒர்ஹான் பாமுக்கின் நினைவுக்குறிப்பு. சென்னைக்கு இன்டாக் நூலும் முத்தையாவும் அசோகமித்திரனும். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லும். இரண்டும் ஒரே இடத்தில் முரண்பட்டால், அந்த இடத்துக்கு நேரே போய்ப் பார்ப்பதற்குக் காரணம் கிடைக்கும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தேவை மிச்சம் இருக்கிறது. ஊர் வரலாறுகளும் தலபுராண நூல்களும் தமிழில் வளர்ந்த அளவுக்கு, தரைத்தள வரைபடமும் நடைவழியும் சொல்லடைவும் கொண்ட கட்டடக் கையேடுகள் வளரவில்லை. மதுரைக்கோ, தஞ்சைக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ அப்படி ஒன்று எழுத ஒருவர் போதாது. வரைபடம் போடத் தெரிந்த கட்டடக்கலைஞர், கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர் ஆகிய நால்வரும் சேர வேண்டும்; நால்வருக்கும் கூலி கொடுக்க ஒரு பதிப்பகம் முன்வர வேண்டும். பெவ்ஸ்னரின் காலத்து இங்கிலாந்திலும் அது லாபம் பார்த்துச் செய்த வேலை அல்ல. கொடையும் மானியமும் விடாப்பிடியும் சேர்ந்துதான் முடிந்தது.